காடு மீளும், கல் மீளாது

தாம்பரம் வட்டாரக் குன்றுகளைக் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு



மலைக்காடு என்று சொன்னால் நம் மனம் உடனே மேற்கே ஓடிவிடும். ஆனைமலை, நீலகிரி, களக்காடு, முண்டந்துறை என்று அடுக்குவோம். தாம்பரத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தபோது, இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலைகளைப் பற்றியே பேசுவது என்று தீர்மானித்தேன். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, சானடோரியத்துப் பச்சைமலை, நன்மங்கலம், வண்டலூர். கிண்டியிலிருந்து வண்டலூருக்கு மின்சார ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் இவற்றில் பலவற்றைப் பார்த்துவிடலாம். உயரத்தில் இவை சிறியவைதாம். ஆனால் ஒரு பெருநகரத்தின் விளிம்பில், லட்சக்கணக்கான வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மலைகள் என்பதால் இவற்றின் பொறுப்பு பெரிது.

இன்று நான் சொல்ல வருவது ஒன்றே. வெட்டிய காடு, விட்டுவைத்தால் மீளும். வெட்டிய மலை எக்காலத்திலும் மீளாது. இந்த இரண்டையும் ஒரே வகை இழப்பாக எண்ணி, இரண்டுக்கும் மரக்கன்று நடுவதையே பரிகாரமாகச் செய்துவருகிறோம். அந்த எண்ணம் மாற வேண்டும்.

கல்லின் வரலாறு

முதலில் இந்தக் குன்றுகள் எவற்றால் ஆனவை என்று பார்ப்போம். பல்லாவரத்துக் கல்லும் பரங்கிமலைக் கல்லும் கருநீலச் சாயல் கொண்டவை. உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும். இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது வைக்கப்பட்டிருக்கும் பலகை இந்த இனக் கல்லே. அதைக் கொண்டே 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இந்திய புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலையில் உள்ள இப்பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

இந்தக் குன்றுகளின் நிழலில் மனிதன் வாழ்ந்த காலமும் நெடியது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்த ஒற்றைக் கல்லிலிருந்து தொடங்குகிறது. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் இங்கே ஒரு குடைவரைக் கோயில் எடுத்தான். அது இன்று தர்காவாக வழிபடப்படுகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும் பணிக்கு அடிப்படைக் கோட்டை அளந்தது பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கம்வரை, சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்கு. 1928இல் மருத்துவர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தாம்பரத்தில் அமைத்தார். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் காசத்துக்கு நல்ல காற்றுதான் மருத்துவம். அந்தக் காற்று பச்சைமலை அடிவாரத்தில் கிடைத்தது.

முட்புதர் செய்யும் வேலை

இந்தக் குன்றுகளின் காட்டைப் பார்க்கிறவர்கள் பலர் அதைக் காடு என்றே ஒப்புக்கொள்வதில்லை. “வெறும் முள்ளுக்காடு, ஒன்றுமில்லை” என்பார்கள். அரசு ஆவணங்களிலும் நெடுங்காலம் இத்தகைய நிலம் பயனற்ற நிலம் என்ற கணக்கில்தான் கிடந்தது.

சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய காடு ஒன்று உண்டு. தாவரவியலாளர் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். மழை ஆண்டுக்குச் சில மாதங்களே பெய்யும். அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வறட்சி. அப்படியிருந்தும் இந்தக் காட்டின் மரங்கள் பல இலையை முழுக்க உதிர்ப்பதில்லை. தடித்த சிறு இலைகளோடு, குட்டையாக, நெருக்கமாக நிற்கும். உலக்கைப் பாலை, காயா, வீரை, இரும்பிலி, நாவல் என்று அதன் மரங்களைச் சொல்லலாம். விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டு, தீயும் பட்ட பிறகு எஞ்சுவது காரை, சூரை, களா, சங்கஞ்செடி, விராலி என்று முட்களும் புதர்களும் நிறைந்த காடு. நாம் வெறும் முள்ளுக்காடு என்று ஒதுக்குவது, அடிபட்டுப் பின்வாங்கி நிற்கும் பழைய காடுதான்.

அந்தக் காடு எப்படி மீள்கிறது? அதற்கு ஒரு காரைப் புதரை மட்டும் உட்கார்ந்து பார்த்தால் போதும். புதர் இடுப்பு உயரம். கிளைகள் எல்லாம் எதிரெதிர் முட்கள். ஆடு அதன் வெளியோரத்தை மட்டும் கடிக்கும்; உள்ளே தலையை விடாது. வெட்டவெளியில் இருக்கும் ஒரே உயர்ந்த இடம் என்பதால் கொண்டைக்குருவி அதன் உச்சியில் வந்து உட்காரும். எங்கோ தின்ற களாப்பழத்தின், நாவல் பழத்தின், வேப்பம்பழத்தின் விதையைக் கீழே எச்சமிடும். புதரின் அடியில் வெயில் நேராகப் படாது. உதிர்ந்த இலை மக்கி ஒரு விரல்கடை மண் சேர்ந்திருக்கும். ஐப்பசி மழையில் அந்த விதை முளைக்கும். சித்திரை வெயிலில் வெளியே புல் கருகும்போதும் புதருக்குள் அந்தக் கன்று உயிரோடு இருக்கும். ஆண்டுகள் போகப் போக அது முள்வேலிக்கு மேலே தலையை நீட்டும். அப்போது ஆட்டின் வாய் அதற்கு எட்டாது. அது மரமாகி நிழல் பரப்பினால், வெயில் கேட்கும் காரை மெல்ல நலிந்து இடத்தைவிட்டு விலகும். தாதி போல் வளர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது முட்புதரின் இயல்பு.

இன்னொரு வழியும் உண்டு. இந்தக் காட்டின் மரங்கள் பெரும்பாலும் வெட்டினால் சாவதில்லை. அடிக்கட்டையும் வேரும் பாறை இடுக்கில் உயிரோடு கிடக்கும். ஆண்டுதோறும் துளிர்க்கும், ஆண்டுதோறும் யாராவது ஒடித்துப் போவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழங்கால் உயரத்துப் புதர். மண்ணுக்குள் இருப்பது பல பத்தாண்டு வயதுள்ள வேர். ஒடிப்பதை நிறுத்தினால் அந்தத் தழைவு சில மழைக்காலங்களிலேயே மரமாக நிமிரும். நாற்றங்காலில் பையில் வளர்த்து நடும் கன்றுக்கு அந்த வேரின் பலம் வரப் பல்லாண்டு ஆகும்.

ஆகவே முட்புதரை ஜேசிபி வைத்து வழித்தெறிந்துவிட்டு, அந்த வெற்று நிலத்தில் வரிசையாகக் குழி தோண்டிக் கன்று நடுவது, காட்டை அழித்துத் தோட்டம் போடுவதாகும். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அதன் விளைவு அதுதான்.

நம் கண்ணெதிரே இரண்டு சான்றுகள்

இதை ஏட்டுப் பேச்சாகச் சொல்லவில்லை. இதே வட்டாரத்தில் இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

ஒன்று, சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1937இல் அது ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டையொட்டி 365 ஏக்கர் முட்புதர் நிலம். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் தாவரங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அவரும் அவர் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார்கள். புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி கல்வெட்டு எழுத்துகளை ஆராய்ந்ததோடு, இந்த வட்டாரத்துப் பறவைகளையும் கவனித்துக் குறிப்பெழுதினார். நட்ட மரங்களைப் பலரும் பாராட்டுவார்கள். அதைவிடப் பெரியது, வளாகத்தின் ஒரு பகுதியை முட்புதராகவே விட்டுவைத்தது. அந்தப் பகுதியில்தான் இந்த மண்ணின் பழைய செடிகொடிகள் தங்கின, புள்ளிமான் மேய்கிறது, பறவைகள் விதையைக் கொண்டுபோகின்றன. தாம்பரம் நகராட்சியாகி, 2021 நவம்பரில் மாநகராட்சியுமான இத்தனை காலத்தில், சுற்றிலும் நிலம் மனை மனையாகப் பிரிந்தபோது, அந்த வளாகம் ஒரு விதைக் களஞ்சியமாக நின்றிருக்கிறது.

இரண்டாவது, வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985 ஜூலையில் திறக்கப்பட்டது. நகருக்குள் இருந்த பழைய மிருகக்காட்சி சாலையை இங்கே மாற்றுவதற்காக வண்டலூர்க் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கியபோது, அது தேய்ந்துபோன முட்புதர் நிலமாக இருந்தது. வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே மரங்களை வளர்த்தது. இன்று பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். பார்க்கப் போகிறவர்கள் புலியையும் யானையையும் பார்த்துத் திரும்புகிறார்கள். கூண்டுக்கும் அகழிக்கும் வெளியே வளர்ந்திருக்கும் காடுதான் அங்கே பார்க்க வேண்டிய முதல் அதிசயம் என்பேன்.

அந்தக் காட்டுக்கு ஒரு சோதனையும் வந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தது. வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்காவை மூட வேண்டியதாயிற்று. நகரெங்கும் குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வேரோடு பெயர்ந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நெருங்கி வளர்ந்த குட்டைக் காடு அவ்வளவு அடிபடவில்லை. கடற்கரையோரப் புயலைப் பல்லாயிரம் ஆண்டு கண்ட காடு அது. தாழ்ந்து வளர்வதும் வேரைப் பாறைக்குள் செலுத்துவதும் அதன் தற்காப்பு. பெரிய மரங்கள் விழுந்த இடத்தில் வானம் திறந்தது. வெளிச்சத்துக்குக் காத்திருந்த நாற்றுகள் எழுந்தன. கூடவே அயல் களையான உண்ணிச்செடியும் எழும். அதனால்தான் புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் எந்தக் காட்டுக்கும் கூடுதல் கவனிப்புத் தேவை.

எங்கே கைகொடுக்க வேண்டும்

எல்லா இடத்திலும் சும்மா இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. வேரும் இல்லை, விதை கொண்டுவரப் பறவைக்கு அருகில் காடும் இல்லை என்ற நிலைக்குப் போய்விட்ட மலைக்கு மனிதன் உதவித்தான் ஆக வேண்டும்.

திருவண்ணாமலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மொட்டைப் பாறையாக நின்ற அருணாசல மலையில் 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் மண்ணின் மரங்களையே நட்டுவருகிறார்கள். அங்கே நடுவதைவிடக் கடினமான வேலை, ஆண்டுதோறும் கோடை தொடங்கும் முன் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டுவது. காய்ந்த புல்லில் ஒரு தீக்குச்சி விழுந்தால் பத்தாண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் போய்விடும். தீயைத் தடுத்த சரிவுகளில் நட்டவற்றோடு நடாதவையும் முளைத்து வந்தன.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சீர்செய்துவருகிறார்கள். களையெடுத்து நட்ட துண்டுகளையும் தாமாக வளர விட்ட துண்டுகளையும் அவர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கைகொடுத்த இடங்கள் வேகமாக மீண்டது தெரியவந்தது. பெரிய காட்டிலிருந்து விலகித் தனித்துப்போன துண்டுகளில் அந்த உதவியின் பயன் மிகுதியாக இருந்தது. இது நமக்கு நேரான பாடம். காட்டைத் தனித்தீவாக ஒடுக்க ஒடுக்க, தானே மீளும் வலிமை குறையும். நம் செலவு கூடும்.

உலகில் நகரத்து மலைக்காட்டுக்குப் பேர்போனது பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள திஜூகா. காப்பித் தோட்டங்களுக்காக மலையை மொட்டையடித்தார்கள். நகருக்குக் குடிதண்ணீர் தந்த ஊற்றுகள் வற்றின. 1861இல் அரசு தோட்டங்களை எடுத்துக்கொண்டு காட்டை மீட்கத் தொடங்கியது. அந்த வேலையைத் தொடங்கிய கைகள் அடிமைகளின் கைகள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று அது தேசியப் பூங்கா. ஒரு நகரம் தன் மலையைக் கெடுத்து, தண்ணீர் போன பிறகு விழித்துக்கொண்ட கதை அது. நமக்கு அந்த அளவுக்கு நீண்ட காலமும் இல்லை. திரும்ப நட அவ்வளவு நிலமும் இல்லை.

மீளாதது

இதுவரை மீள்வதைப் பேசினேன். இனி மீளாததைச் சொல்கிறேன்.

சென்னை வளர்ந்தது பல்லாவரம், திரிசூலம், பம்மல் வட்டாரத்துக் குவாரிக் கல்லில். பாறையில் துளையிட்டு வெடி வைத்து, கிரஷரில் அரைத்து, ஜல்லியாக லாரி ஏற்றினார்கள். நம் வீட்டுக் கூரையிலும் நாம் நடக்கும் சாலையிலும் இந்தக் குன்றுகள் தூளாகக் கிடக்கின்றன. கல் உடைத்த தொழிலாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். தூசியை மூச்சில் வாங்கி, மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள் அவர்கள். அனுபவித்தது நகரம்.

நன்மங்கலம் காப்புக்காடு 320 ஹெக்டேர். மேடவாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, வேளச்சேரிப் பெருஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. அதற்குள்ளே கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்று. நிமிர்ந்த பாறைச் சுவர்கள், கீழே மழைநீர். அந்தச் சுவரின் இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. கூடு என்று எதுவும் கட்டாது. வெற்றுப் பாறைத் திட்டிலேயே முட்டையிடும். இரண்டு காதுச் சிறகுகளும் விறைத்து நிற்க, ஆரஞ்சு நிறக் கண்களால் அது பார்க்கும் பார்வை மறக்க முடியாதது. எலியே அதற்கு முக்கிய இரை. சுற்றிலும் புதர்க்காடு இருப்பதால் வேட்டைக்குக் குறைவில்லை.

இதைக் காட்டிச் சிலர், “பாருங்கள், குவாரியால்கூட நன்மைதான்” என்று சொல்லலாம். அது தவறு. ஆந்தை வந்தது காடு பக்கத்தில் இருந்ததால். குடைந்தெடுத்த மலை திரும்பி வரவில்லை. அதன்மேல் இருந்த மண்ணும், மண்ணுக்குள் இருந்த வேரும், வேர் வழியே இறங்கிய நீரும் திரும்பவில்லை. ஒரு விரல்கடை மண் சேரவே எத்தனையோ தலைமுறை ஆகும். 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறைக்கு எந்தத் திட்டத்தாலும் மாற்று நட முடியாது. காயத்தில் ஓர் உயிர் குடியேறியது இயற்கையின் பெருந்தன்மை. அதை நமக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீரின் கணக்கு

2015 டிசம்பர் 1 பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஒரு ஹெக்டேரில் விழுந்த நீர் மட்டும் 49 லட்சம் லிட்டர். நன்மங்கலம் காட்டின் பரப்புக்குக் கணக்கிட்டால் 156 கோடி லிட்டருக்கும் மேல். முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியதை இங்கே இருப்பவர்கள் பலர் வீட்டு மாடியில் நின்று பார்த்திருப்பீர்கள்.

அவ்வளவு மழையையும் காடு குடித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் காடும் குடிக்காது. ஆனால் புதர் மூடிய சரிவில் மழைத்துளி முதலில் இலையில் விழும், பிறகு சருகில் விழும், பிறகே மண்ணில். நீர் மெதுவாக இறங்கும். வெற்றுச் சரிவில் அது மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். அந்த மண் பீர்க்கன்காரணை ஏரியிலும் இரும்புலியூர் ஏரியிலும் சிட்லபாக்கம் ஏரியிலும் போய்ப் படியும். ஏரியின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும். அடுத்த மழையில் ஏரி தாங்க முடியாத நீர் தெருவுக்கு வரும். ஏரியைத் தூர்வாரக் கோடிகள் ஒதுக்குகிறோம். மண் புறப்படும் இடத்தைக் காக்க யாரும் எண்ணுவதில்லை. 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் மேட்டுநிலத்து நீரை நம்பியே இருக்கிறது. குன்றும் ஏரியும் சதுப்பும் ஒரே நீர் ஓட்டத்தின் மூன்று நிலைகள்.

செய்ய வேண்டியவை

இனி நான் வேண்டிக்கொள்வதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மிச்சமிருக்கும் குன்றுகளில் கல் வெட்டுவதும் சரிவை வெட்டி மனை போடுவதும் கூடாது. காப்புக்காடாக இல்லாத குன்றுகளுக்கும் இது பொருந்த வேண்டும். சட்டம் காக்கும் எல்லைக்கோட்டில் மலை முடிந்துவிடுவதில்லை.

இரண்டாவது, மாசி முதல் வைகாசி வரை தீக்காவல். வனக்காப்பாளர் ஒருவர் எத்தனை ஹெக்டேரைச் சுற்றி வருவார்? காட்டோரக் குடியிருப்பு நலச்சங்கங்கள் குப்பையைக் காட்டோரத்தில் கொட்டாமலும் கொளுத்தாமலும் பார்த்துக்கொண்டாலே பெரும்பாதித் தீ தவிர்க்கப்படும்.

மூன்றாவது, மரம் நடும் விழா வைக்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் காட்டுக்குள் போக வேண்டாம். தெருவிலும் பள்ளியிலும் ஏரிக்கரையிலும் நடுங்கள். காட்டுக்குள் உதவ விரும்பினால், வனத்துறை அனுமதியோடு உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் அகற்றும் பணியில் சேருங்கள். சரிவில் அதைக் கையால் செய்ய வேண்டும்; இயந்திரம் இறங்கினால் மண் போய்விடும். அகற்றிய இடத்துக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திரும்பிப் போக வேண்டும். நிழற்படம் எடுக்க முடியாத வேலை அது. ஆனாலும் அதுதான் தேவை.

நான்காவது, இங்கே இருக்கும் மாணவர்களுக்கு. உங்களில் சிலர் வனத்துறை அனுமதியோடு ஒரு சிறு சதுரத்தை அளந்து, ஒவ்வொரு மார்கழியிலும் அதில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். நீங்கள் படித்து முடித்துப் போனதும் அடுத்து வருகிறவர் தொடரட்டும். நம் குன்றுகள் மீள்கின்றனவா என்பதற்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் நம்பத்தக்க சாட்சியாக இருக்கும்.

வண்டலூர் அருகே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சென்னையில் முதலில் கால் வைப்பது நம் வட்டாரத்தில். நிலத்தின் விலை இன்னும் ஏறும். குன்றுகள்மேல் விழும் கண்களும் பெருகும். காட்டை மீட்கும் திறமை காட்டுக்கே இருக்கிறது. மலையைக் காக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. அந்த ஒரு பொறுப்பை இந்தத் தலைமுறை தவறவிட்டால், அடுத்த தலைமுறை எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தாம்பரத்து மக்கள் தங்கள் மலைகளைத் தங்கள் சொத்தாக எண்ணிக் காக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.